வலை இழுத்த பாட்டு வகுப்பறைக்கு வரட்டும்

நெய்தல் நில மக்களின் உழைப்போடு பிறந்தது ஏலேலோப் பாட்டு. கட்டுமரத்தை மணலில் தள்ளும்போதும், துடுப்புப் போடும்போதும், வலையைக் கரைக்கு இழுக்கும்போதும் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ சேர்ந்து குரல் கொடுப்பார்கள். இடத்துக்கு இடம் இதற்குப் பெயர் மாறும். கப்பல் பாட்டு, ஓடப் பாட்டு என்பதும் உண்டு. அம்பா என்பதும் உண்டு. பெயர் எதுவானாலும் பாட்டின் அமைப்பு ஒன்றுதான்.

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு வரும் மாணவர்களில் பலர் ஏரிக்கரைக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் இப்பாட்டைப் பாடியவர்கள். அப்பாக்கள் சிறுவயதில் கேட்டவர்கள். மாணவர்களோ ‘ஐலசா’வைத் திரைப்படப் பாடல்களில் மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.

இந்தப் பாட்டைக் காப்பதில் பள்ளிக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் நான்கு அடிகளை மனப்பாடம் செய்ய வைத்து ஆண்டு விழாவில் பாட வைப்பதால் மட்டும் அது பிழைக்காது. அடியெடுத்துக் கொடுத்தல், எதிர்க்குரல் கொடுத்தல், சூழலுக்கு ஏற்ப உடனே புதிய அடி கட்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஏலேலோப் பாட்டு. இம்மூன்றையும் மாணவர்களின் பழக்கமாக்குவது எப்படி என்பதை, எங்கள் வகுப்பில் செய்துபார்த்த முறையின் அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது.

பாட்டின் அமைப்பு

ஏலேலோப் பாட்டை ஏட்டில் படிக்கும்போது அது எளிமையாகத் தோன்றும். ஒரு சிறிய அடி, அதன் முடிவில் ஒரு பொதுச்சொல், மீண்டும் ஓர் அடி, மீண்டும் அதே சொல். அந்தப் பொதுச்சொல்லுக்குத் தனிப்பொருள் இல்லையே என்று மாணவர்கள் கேட்பார்கள். பொருள் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு வேலை உண்டு. பத்துப் பேர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது அனைவரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் வலை நகரும். ‘ஐலசா’ அந்தக் கணத்தைக் குறிக்கிறது. அடியெடுத்துக் கொடுப்பவர் பாடும் நேரத்தில் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். பொதுச்சொல் வரும்போது இழுக்கிறார்கள். பாட்டின் தாளமே வேலையின் தாளம்.

வேலைக்கு ஏற்பப் பாட்டின் நடையும் மாறும். கனமான மரத்தைத் தள்ளும்போது அடிகள் நீண்டு, இடைவெளி கூடும். துடுப்புப் போடும்போது நடை சீராக ஓடும். வலை கரையை நெருங்கி, மீன் துள்ளுவது கண்ணில் பட்டதும் நடை விரைவாகும். எனவே ஒரே பாட்டை ஒரே வேகத்தில் பாடிக் காட்டினால் பாதிப் பாட்டைத்தான் காட்டியவர்களாவோம்.

அடியெடுத்துக் கொடுப்பவருக்குத் தாளமும் தெரிய வேண்டும். சொல்லும் வர வேண்டும். தெய்வத்தை வணங்கித் தொடங்குவார். பிறகு காற்று, மீன், கூலி, கடன், வீட்டில் காத்திருப்பவர்கள் என்று கண்ணில் படுவதையும் மனத்தில் இருப்பதையும் அடியாக்குவார். சோம்பலாக இழுப்பவரைப் பெயர் சொல்லிக் கேலி செய்வார். ஆகவே நேற்றுப் பாடியது இன்று அப்படியே வராது. இதற்கு மூலபாடம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது.

‘ஏலேலோ’ என்னும் சொல்லைத் திருவள்ளுவரின் நண்பராகச் சொல்லப்படும் வணிகர் ஏலேலசிங்கனின் பெயரோடு இணைக்கும் செவிவழி மரபு ஒன்று உண்டு. அதை வரலாறாகக் கற்பிக்காமல் கதையாகச் சொன்னால் மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். எல்லைப் பகுதியில் உள்ள எங்களுக்கு இன்னொரு செய்தி அதைவிடச் சுவையானது. தெலுங்கு மீனவர்களின் பாட்டிலும் ‘ஹைலெஸ்ஸா’ என்னும் எதிர்க்குரல் வருகிறது. வீட்டில் தெலுங்கு பேசும் மாணவர்கள் எங்கள் வகுப்பில் உண்டு. தமிழ்ப் பாடவேளையில் தங்கள் வீட்டுச் சொல்லுக்கும் இடம் இருப்பதை அவர்கள் இந்தப் பாட்டின் வழியாக உணர்கிறார்கள்.

ஏன் மறைகிறது?

மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பாட்டின் வேலை போனதே முதன்மையான காரணம். துடுப்பு இருந்த இடத்துக்கு இயந்திரம் வந்தது. கட்டுமரம் இருந்த இடத்துக்குக் கண்ணாடியிழைப் படகு வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்த மாற்றம் மேலும் விரைவுபட்டது. இயந்திரத்தின் இரைச்சலில் ஒருவர் அடியெடுத்துக் கொடுத்தாலும் மற்றவருக்குக் கேட்காது. பலர் கூடி இழுத்த வலையைச் சிலர் இழுக்கும் நிலை வந்தபோது எதிர்க்குரலுக்கும் ஆள் குறைந்தது. இளைஞர்கள் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள்.

இந்த மாற்றங்களால் உடல் வருத்தம் குறைந்திருக்கிறது. மீண்டும் துடுப்புப் போடுங்கள் என்று எந்தக் குடும்பத்திடமும் நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எனவே பாட்டு வாழ வேண்டுமானால் அதற்கு வேறொரு வேலை தர வேண்டும். அந்த வேலையைத் தருவதற்கு வகுப்பறை ஏற்ற இடம்.

முன்னோடிகள் காட்டும் வழி

கடற்கரைப் பாட்டுக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தில் ஏழாவதாக அமைந்த கானல்வரி முழுவதும் கடற்கரைச் சூழலில் பாடப்பட்ட வரிப்பாடல்கள்தாம். பாரதியார் தம் குயில் பாட்டில், மனத்தைப் பறிகொடுத்த இசைகளுள் ஏற்றப் பாட்டையும் நெல் குத்தும் பெண்களின் பாட்டையும் சேர்த்துச் சொல்கிறார். தொழிற்பாட்டு இலக்கியத்துக்கு அயலானதன்று என்பதை உயர்நிலை வகுப்புகளில் இவ்விரண்டையும் கொண்டு விளக்கலாம்.

நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கும் பணியும் நீண்ட காலமாக நடந்துவருகிறது. சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்து 1871இல் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, ‘மலையருவி’ என்னும் நூலாக 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்டது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. இத்தகைய தொகுப்புகள் இல்லையென்றால் பல பாடல்கள் சொல்லளவிலும் எஞ்சியிருக்கமாட்டா. எனினும் அச்சில் சொல் நிற்கும். தாளமும் புதிதாகக் கட்டும் திறனும் பழக்கத்தில் மட்டுமே நிற்கும்.

பழக்கத்தை மீட்டதற்கு இலங்கைத் தமிழர் வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்து மரபை மாணவர்களிடம் கொண்டுசென்றார். விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்ப அமைத்தார். ஆட்டத்தையும் பாட்டையும் கற்பிக்கக் கிராமத்து அண்ணாவியாரையே அழைத்துவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற கூத்துகள் இவ்வாறு உருவாயின. ஆசிரியர்களாகிய நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கலையின் வடிவத்தைக் காலத்துக்கு ஏற்ப மாற்றலாம். ஆனால் அதைக் கற்றுத்தரும் இடத்தில் அந்தக் கலையை அறிந்தவரே இருக்க வேண்டும்.

வேலை போன பின்னும் பாட்டு நிற்கும் என்பதற்கும் சான்று உண்டு. பாய்க்கப்பல் மாலுமிகள் கயிறு இழுக்கும்போது பாடிய ‘சாண்டி’ என்னும் ஆங்கிலப் பாடல்கள் நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு தொழிலிலிருந்து மறைந்தன. 2021 ஜனவரியில் உலகெங்கும் இளைஞர்கள் கைப்பேசிக் காணொலிகளில் ஒருவர் குரலோடு மற்றவர் குரலைச் சேர்த்து அவற்றைப் பாடி மகிழ்ந்தார்கள். கூடிப் பாடும் இன்பமே அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது.

பாடநூலில் உள்ள வாய்ப்பு

2018இல் வெளிவந்த ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ‘கடலோடு விளையாடு’ என்னும் நெய்தல் நாட்டுப்புறப் பாடல் இடம்பெற்றுள்ளது. இதைச் செய்யுள் பகுதியாகப் படித்து, சொல்பொருள் எழுதி, வினாவிடையோடு முடித்துவிடலாம். ஆனால் இப்பாடலை ஒரு வாயிலாகக் கொண்டால் மாணவர்களின் ஊருக்குள்ளேயே போக முடியும். பத்தாம் வகுப்பில் காற்றைப் பற்றிய ‘கேட்கிறதா என் குரல்!’ பாடத்தில் கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்னும் பெயர்கள் வருகின்றன. இவற்றோடு தங்கள் வீட்டுப் பெரியவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வழங்கும் பெயர்களை ஒப்பிட்டுப் பட்டியலிடச் சொல்லலாம். ஆறாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் இயக்கமும்’ பாடத்தோடும் ஏலேலோப் பாட்டை இணைக்க முடியும். தனியாக நேரம் ஒதுக்க இயலாத பள்ளிகளும் இவ்வாறு பாடத்தின் ஊடாகவே இதைச் செய்யலாம்.

ஆறு பாடவேளைத் திட்டம்

முதல் பாடவேளை: உடலால் உணர்தல். மணல் நிரப்பிய சாக்கில் நீண்ட கயிற்றைக் கட்டி மைதானத்தில் வையுங்கள். ஆறு மாணவர்கள் அமைதியாக இழுக்கட்டும்; ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் இழுப்பதால் சாக்கு எளிதில் நகராது. பிறகு ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ‘ஐலசா’ என்னும்போது மட்டும் அனைவரும் இழுக்கட்டும். சாக்கு நகரும். ‘ஐலசா’வின் பொருளை இதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே திசையில் ஒரே நேரத்தில் செயல்படும் விசைகள் ஒன்றுகூடுவதை அறிவியல் ஆசிரியர் அங்கேயே விளக்கலாம்.

இரண்டாம் பாடவேளை: பாடநூல் பாடல். பாடலைக் குழுவாகப் பிரிந்து பாட வையுங்கள். மெதுவான நடை, சீரான நடை, விரைவு நடை என மூன்று வேகத்திலும் பாடிப் பார்க்கட்டும். மோனை, எதுகை, இயைபு எங்கே வருகின்றன என்பதைக் கைதட்டிக் கண்டறியட்டும். இலக்கணச் சொற்களைப் பிறகு சொன்னால் போதும்.

மூன்றாம் பாடவேளை: வீட்டுக்குச் செல்லும் வினாக்கள். மாணவர்கள் வீட்டில் கேட்டு வருவதற்காக ஐந்து வினாக்கள் கொடுங்கள். வலை இழுக்கும்போது யார் அடியெடுத்துக் கொடுப்பார்? நீங்கள் எந்த வேலையின்போது பாடினீர்கள்? எந்த மீன்களின் பெயர் பாட்டில் வரும்? வலையின் பாகங்களுக்கு என்ன பெயர்? கடைசியாக எப்போது பாடினீர்கள்? வரிகளைக் கேட்பதைவிட வேலையைக் கேட்பது நல்லது. வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வரிகள் தாமாக வரும். மடவை, கொடுவா, கிழங்கான் என்று தொடங்கும் மீன் பட்டியலே ஒரு சொற்களஞ்சியமாக வளரும்.

நான்காம் பாடவேளை: பெரியவர் வருகை. பள்ளி மேலாண்மைக் குழுவின் உதவியோடு பாட்டு அறிந்த மூத்தவர் ஒருவரை அழையுங்கள். எங்கள் பள்ளிக்கு வந்த பெரியவருக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தபோது இரண்டு அடிகளுக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. எழுந்து, “கயிறு இருக்கா?” என்று கேட்டார். கயிற்றின் மறுமுனையை மாணவர்கள் பிடித்ததும் கால்மணி நேரம் நிறுத்தாமல் பாடினார். பாட்டு அவர் கையிலும் தோளிலும் இருந்தது. எனவே விருந்தினருக்கு ஒலிபெருக்கியைவிடக் கயிறே தேவை.

ஐந்தாம் பாடவேளை: புதிய அடி கட்டுதல். இதுவே திட்டத்தின் உயிர்ப்பகுதி. ஒவ்வொரு குழுவும் தங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நான்கு அடிகள் கட்ட வேண்டும். பேருந்து, மதிய உணவு, மழைநாள், ஏரிக்கு வரும் பூநாரைகள் என எதுவாகவும் இருக்கலாம். எங்கள் மாணவர் குழு ஒன்று கட்டியது இது:

ஆறு மணிப் பேருந்து – ஐலசா
ஆரம்பாக்கம் தாண்டிப் போச்சு – ஐலசா
அம்மா தந்த கூடையிலே – ஐலசா
அஞ்சு இறால் துள்ளிப் போச்சு – ஐலசா

இதில் மோனையும் இருக்கிறது, இயைபும் இருக்கிறது. இலக்கணப் பாடவேளையில் மோனைக்கு எடுத்துக்காட்டு எழுதத் தயங்கிய மாணவர்களே இதைக் கட்டினார்கள். ‘போச்சு’ என்பதைப் ‘போயிற்று’ என்று திருத்த வேண்டுமா என்ற வினா எழும். பாட்டில் பேச்சு வழக்கு அப்படியே இருக்கட்டும். அதே செய்தியை உரைநடையில் எழுதச் சொல்லும்போது எழுத்து வழக்கைக் கேளுங்கள். இரண்டு வழக்குகளின் வேறுபாட்டையும் பயன்பாட்டையும் மாணவர்கள் தெளிவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆறாம் பாடவேளை: உடனுக்குடன் பாடுதல். எழுதிய தாளைக் கீழே வைத்துவிட்டு வட்டமாக நிற்க வேண்டும். ஒருவர் ஓர் அடி சொல்ல, அனைவரும் எதிர்க்குரல் தர, அடுத்தவர் அடுத்த அடியைத் தொடர வேண்டும். அடி வராதவர் முந்தைய அடியையே திரும்பச் சொல்லலாம். முதல் சுற்றில் பலர் திரும்பச் சொல்வார்கள். மூன்றாம் சுற்றில் சொந்த அடிகள் வரத் தொடங்கும். எதிர்க்குரல் ஒலிக்கும் நேரம் அடுத்தவர் யோசிப்பதற்கான நேரமாக அமைகிறது. வலை இழுப்பவருக்கு மூச்சு வாங்க இடம் தந்த அமைப்பு, தயங்கும் மாணவருக்குச் சொல் தேட இடம் தருகிறது.

தொடக்க வகுப்புகளில்

ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு இதைச் சுருக்கிக்கொள்ளலாம். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் பாட்டும் செயல்பாடும் ஏற்கெனவே உண்டு. ஆசிரியர் ஒரு மீனின் பெயரைச் சொல்ல மாணவர்கள் ‘ஏலேலோ’ என்று முடிக்கலாம். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடியாகச் சொல்லலாம். பெருக்கல் வாய்பாட்டையும் இந்த அமைப்பில் சொல்ல முடியும். வகுப்பறையில் பலகையை நகர்த்தும்போதோ தோட்டத்தில் வேலை செய்யும்போதோ ‘ஐலசா’ சொல்லிப் பழகினால் பாட்டுக்கு உண்மையான வேலையும் கிடைத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

தொழிற்பாட்டில் பெரியவர்களுக்கான கேலியும் சிற்றின்பக் குறிப்புகளும் வருவது இயல்பு. எந்த அடிகளைப் பிள்ளைகள் முன் பாடலாம் என்பதை வருகை தரும் பெரியவரிடமே முன்கூட்டிப் பேசி, அவரது தேர்வுக்கு விட்டுவிடலாம். பிறரைச் சாதியாலோ உடல் குறையாலோ தாழ்த்தும் அடி வந்தால் அது வகுப்புக்கு வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஏரியை நம்பி வாழ்பவர்கள் அனைவரும் பெரிய வலை இழுப்பவர்கள் அல்லர். கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் உண்டு; மீன் விற்கும் பெண்கள் உண்டு; ஏரிக்கரையை அடுத்து நடவு நடும் உழவர் குடும்பங்களும் உண்டு. ஒரு சமூகத்தின் பாட்டை மட்டும் ஊரின் பாட்டாக்கினால் மற்ற மாணவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். அவரவர் வீட்டுத் தாலாட்டும் நடவுப் பாட்டும் இத்திட்டத்தில் இடம்பெறட்டும். கடல் வேலை ஆண்களுடையது என்பதால் மாணவியர் ஒதுங்கி நிற்கக்கூடும். வகுப்பில் அடியெடுத்துக் கொடுக்கும் வாய்ப்பு இருபாலருக்கும் மாறி மாறி வர வேண்டும்.

ஒலிப்பதிவு செய்யும்போது பாடுபவரின் ஒப்புதலைப் பெறுங்கள். பதிவின் ஒரு படியை அவர் குடும்பத்துக்குக் கொடுங்கள். பொதுவெளியில் பகிர்வதற்கு முன் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். பாடியவர், ஊர், நாள், எந்த வேலைக்கான பாட்டு என்னும் நான்கு குறிப்புகளையும் பள்ளிப் பதிவேட்டில் எழுதிவைத்தால் பின்னர் வரும் ஆசிரியருக்கும் பயன்படும்.

2022-23 முதல் நடைபெறும் கலைத் திருவிழா போட்டிகள் நாட்டுப்புறப் பாடலுக்கு நல்ல மேடை. ஆனால் போட்டிக்குச் செல்வது சிலர்தான். வகுப்பில் அனைவரும் பாடிய பிறகு மேடைக்குச் செல்பவரைத் தேர்ந்தெடுத்தால், போட்டி முடிந்த பின்னும் பாட்டு வகுப்பில் இருக்கும்.

மதிப்பீடு

குரல் இனிமைக்கு மதிப்பெண் வேண்டாம். நான்கு கூறுகளைப் பார்த்தால் போதும்: தாளம் தவறாமல் எதிர்க்குரல் தருகிறாரா, சொந்தமாக ஓர் அடியேனும் கட்டுகிறாரா, வீட்டில் திரட்டிய வட்டாரச் சொற்களைப் பொருளோடு விளக்குகிறாரா, பேச்சு வழக்கில் உள்ள அடியை எழுத்து வழக்கில் மாற்றி எழுதுகிறாரா. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களும் இதில் அடங்கிவிடுகின்றன. எழுத்துத் தேர்வில் பின்தங்கும் மாணவர்கள் சிலர் அடி கட்டுவதில் முந்தி நிற்பதை நாங்கள் கண்டோம். வலையின் பாகங்களையும் மீன் பெயர்களையும் அவர்கள் சொல்ல, ஆசிரியர் குறிப்பெடுக்கும் நிலை வந்தது. அந்த மாணவர்கள் அதன்பின் வகுப்பில் வினா கேட்கத் தயங்கவில்லை.

இப்பாட்டை வேலையோடு சேர்த்துப் பாடிய தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்களிடம் நேரில் கேட்கும் வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே உண்டு. கடற்கரைப் பள்ளிகள் ஏலேலோவையும், உழவு நடக்கும் ஊர்ப் பள்ளிகள் ஏற்றப் பாட்டையும் நடவுப் பாட்டையும் இந்தப் பருவத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். திரட்டிய சொற்களையும் மாணவர் கட்டிய அடிகளையும் குறுவள மையக் கூட்டத்தில் பகிர்ந்துகொண்டால் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் அவை சென்றுசேரும். தொடங்குவதற்குத் தேவையானவை ஒரு கயிறும் ஒரு மணல் சாக்கும் அடியெடுத்துக் கொடுக்க ஒரு பெரியவரும்தான்.